அடுப்பும் அட்டையும்

அடுப்பெரிக்கும் எண்ணெய்க்கும் ஒரு சரித்திரம் உண்டா என்று நேயர்கள் வியக்கக்கூடும். பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம்மவர்க்கு அது உண்டென்று நன்றாகவே தெரியும்.

பர்மா ஷெல் கம்பெனி 1928-இல் அமைந்தது. அதனோடு ஸ்டாண்டர்டு வாக்கம், கால்டெக்ஸ் முதலியனவும் போட்டியிட்டன. மண்ணெண்ணெய் நாலு காலன் டின்களில் வந்தது. எண்ணெய் தீர்ந்ததும் அதே டின் தண்ணீர் சுமந்தது. ஒரு கடைக்காரர் அளவில் குறைத்தால் அடுத்த கடையை நாடலாம். ஏழைக்கு இருந்த வலிமை அவ்வளவே. ஆயினும் அது சிறிதன்று.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. இருப்பதைப் பங்கிட்டுக்கொள்ளவே கட்டுப்பாடு பிறந்தது. அதை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் யுத்தம் முடிந்த பின்னும் கட்டுப்பாடு முற்றும் அகன்றுவிடவில்லை. 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில் பெட்ரோலியப் பொருள்களும் அடங்கின. லைசென்சு பெற்றவரே விற்கலாம். ரேஷன் அட்டை உடையவரே சலுகை விலையில் வாங்கலாம். அட்டை அளவை மட்டுமா வரையறுத்தது? கடையையும் அல்லவா வரையறுத்தது! அங்கே ‘சரக்கு வரவில்லை’ என்றால் மறுநாள் மீண்டும் அதே வாசலில்தான் நிற்கவேண்டும். ஊரில் வாங்கிய அட்டை அந்நாளில் அயல் மாநிலத்தில் செல்லவில்லை. புதிய அட்டைக்கோ குடியிருப்புச் சான்று வேண்டும். வாடகைச் சீட்டுத் தர மனமில்லாத வீட்டுக்காரரிடம் குடியிருந்தவர் கள்ளச் சந்தையைத்தான் நாடினார்.

1965-இல் ‘இண்டேன்’ எரிவாயு வந்தது. இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கூப்பனுக்கும் அலைந்தோம். ஊர் மாறினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்று, புதிய ஊர் ஏஜெண்டிடம் காட்டவேண்டும். அவர் யார் என்பதைத் தீர்மானித்தது நமது விருப்பமன்று, நாம் குடியிருந்த பேட்டை.

இதில் ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். 1974-இல் எஸ்ஸோவும் 1976-இல் பர்மா ஷெல்லும் அரசுடைமையாயின. வீட்டு எரிவாயுவுக்கு அரசுக் கம்பெனிகள் மூன்றும் ஓர் ஊரில் ஏறக்குறைய ஒரே விலைதான் வைத்தன. ஆகவே தேர்ந்தெடுப்பதற்கு எஞ்சியிருந்தது ஒன்றே: யார் சிலிண்டரை விரைவில் கொண்டுவருகிறார் என்பது. அதைத்தான் நெடுங்காலம் நம்மிடம் விடவில்லை. 2013-இல் சில நகரங்களில் சோதனையாகவும், 2014 ஜனவரியில் 480 மாவட்டங்களிலும், அருகிலுள்ள வேறு ஏஜெண்டுக்கோ வேறு கம்பெனிக்கோ மாறும் உரிமை அளிக்கப்பட்டது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2013 அக்டோபரில், ஐந்து கிலோ சிலிண்டர் சில நகரங்களின் பெட்ரோல் பங்க்குகளில் விற்பனைக்கு வந்தது. அடையாளச் சான்று போதும். முகவரிச் சான்று வேண்டா. அறை எடுத்துத் தங்கிய நம் இளைஞர்க்கு இது பேருதவி. ஆனால் அதற்கு மானியம் கிடையாது; முகவரி உள்ளவர் கொடுத்ததைவிடக் கிலோவுக்கு அதிக விலை கொடுத்தே அவர்கள் வாங்கினர்.