ஆர்சி.லோக்கல்: ஒரு கோப்பின் கதை

கணினி துவங்கும்போதே ஒரு ஸ்கிரிப்ட் தானாக ஓட வேண்டுமா? லினக்ஸ்காரர்கள் வெகுகாலம் கைவைத்தது ஆர்சி.லோக்கல் என்ற கோப்பில்தான்.

1983-ல் ஏடி&டி வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் வழிவந்த முறையில், இனிட் என்னும் முதல் புரோகிராம் ஸ்கிரிப்டுகளை எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக ஓட்டும். ஆர்சி.லோக்கலின் முறை கடைசியில் வரும். அதற்குள் நெட்வொர்க் பெரும்பாலும் தயாராகியிருக்கும். ஆனால் நடுவில் ஒன்று தாமதித்தால் பின்னால் நிற்பவை எல்லாம் காத்துக்கிடக்கும்.

இதை மாற்ற 2006-ல் உபுண்டு 6.10 அப்ஸ்டார்ட்டைக் கொண்டுவந்தது. 2010-ல் லென்னார்ட் பாட்டரிங் சிஸ்டம்டியை அறிவித்தார். சேவைகளை ஒரே நேரத்தில் கிளப்பிவிடுவது அதன் பாணி. 2011-ல் ஃபெடோரா 15 அதை ஏற்றது. 2014 பிப்ரவரியில் டெபியன் தொழில்நுட்பக் குழுவில் ஓட்டுகள் சமமாகி, தலைவரின் ஓட்டால் சிஸ்டம்டி வென்றது. எதிர்த்தவர்களில் சிலர் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

வேகம் வந்தது, பழைய வரிசை போனது. நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட், நெட்வொர்க் வரும் முன்பே ஓடித் தோற்றது. இயக்க அனுமதி இல்லாத ஆர்சி.லோக்கலை சிஸ்டம்டி கண்டுகொள்ளாது. முதல் வரியில் ஷெல்லின் பெயர் விடுபட்டிருந்தாலும் ஓடாது. டெர்மினலில் இருக்கும் பாத் மாறியும் துவக்கத்தில் அப்படியே கிடைப்பதில்லை.

ஆகவே ஸ்கிரிப்டுக்கு ஒரு யூனிட் கோப்பு எழுதி, நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டை ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டிலும் குறிப்பிட வேண்டும். தோற்றால் காரணத்தை ஜர்னல்சிடிஎல் காட்டும்.

அன்று வரிசை கேட்காமலே கிடைத்தது. சிஸ்டம்டியில் கேட்டால்தான் கிடைக்கும்.