ஊர் முந்தியதா, நிலையம் முந்தியதா?

மரம் முந்தியதா, வித்து முந்தியதா என்பது விடை காணப்படாத பழைய வினா. நகரப் போக்குவரத்தின் வரலாற்றிலும் அதனை ஒத்த வினா ஒன்று உண்டு. மக்கள் குடியேறிய பின் அவர்க்கு இரயில் நிலையம் அமைப்பதா? நிலையத்தைத் திறந்து வைத்து மக்களை வரவழைப்பதா? ஆளில்லாத இடத்தில் நிலையம் திறந்தால் நட்டம். நிலையம் இல்லாத இடத்திலோ குடிபுக எவரும் விரும்புவதில்லை. இச்சிக்கலை மூன்று நாட்டார் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் இலண்டன் மாநகரை எடுத்துக் கொள்வோம். 1907-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், நகரின் நடுவிலிருந்து வடக்கே ஹேம்ஸ்டட் குன்றின் அடியாகத் தோண்டப்பட்ட மின்வண்டிப் பாதை திறக்கப்பெற்றது. அதன் இறுதி நிலையம் கோல்டர்ஸ் கிரீன். அந்நாளில் அது வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு நாற்சந்தி. ஆனால் வண்டி வருகிறது என்ற செய்தி பரவியதுமே நிலத்தின் விலை ஏறிற்று. சில ஆண்டுகளில் தெருத் தெருவாக வீடுகள் எழுந்தன. 1923-இல் பாதை ஹெண்டனுக்கும், 1924-இல் எட்ஜ்வேருக்கும் நீண்டது. அங்கும் இதே கதை நிகழ்ந்தது.

அப்பாதையிலேயே இதற்கு மாறான சான்றும் ஒன்று உண்டு. கோல்டர்ஸ் கிரீனுக்கு முந்திய நிலையமாக நார்த் எண்ட் என்னும் இடத்தில் நிலத்தடியில் மேடை அமைக்கும் பணி தொடங்கிற்று. அங்கே வீடுகள் பெருகும் என்பது பொறியாளர் கணக்கு. ஆனால் ஹென்ரியட்டா பார்னட் அம்மையார் முதலியோர் முயன்று, ஏறத்தாழ எண்பது ஏக்கர் நிலம் கட்டடம் எழாத பசும்வெளியாக நிலைக்கச் செய்தனர். வீடுகள் வாரா எனத் தெரிந்ததும் நிலையத்தின் பணி நிறுத்தப்பட்டது. இன்றும் வண்டிகள் அவ்விடத்தில் நில்லாது செல்கின்றன. நிலையத்தின் உயிர் மேடையில் இல்லை, சுற்றியுள்ள நிலத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் கோல்டர்ஸ் கிரீனில் ஒரு குறை இருந்தது. வண்டியை ஓட்டியவர் ஒருவர்; நிலத்தின் விலையேற்றத்தால் பயன் பெற்றவர் வேறொருவர். பாதை அமைத்த நிறுவனத்திற்குக் கிட்டியது பயணக் கட்டணம் மட்டுமே. இக்குறையை உணர்ந்து வழி கண்டவருள் தலைசிறந்தவர் ஜப்பானியரான கொபயாஷி இச்சிஸோ.

1873-இல் பிறந்த கொபயாஷி இளமையில் எழுத்தாளராக விரும்பியவர். பின்னர் மிட்சுயி வங்கியில் பணியாற்றினார். 1907-இல் ஒசாக்காவில் மினோ-அரிமா மின்வண்டி நிறுவனம் தோன்றியபோது அதன் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வந்த வேளை நல்ல வேளையன்று. ருசிய-ஜப்பானியப் போருக்குப் பின் பங்குச் சந்தை வீழ்ந்திருந்தது. நிறுவனத்தின் பங்குகளை வாங்க ஆளில்லை. பாதையோ ஒசாக்காவின் உமேடாவில் தொடங்கி, வயல்களைக் கடந்து, தக்காராஸூக்கா என்னும் சிறிய வெந்நீரூற்று ஊரில் முடிவது. இதில் ஏற யார் வருவர் என்று பலரும் ஐயுற்றனர்.

கொபயாஷி பாதை செல்லவிருந்த வழியே கால்நடையாக நடந்து பார்த்தார். எங்கும் மலிவான நிலம், நல்ல காற்று. ஒசாக்காவிலோ ஆலைப் புகையும் நெரிசலும். மக்கள் இல்லை என்பதே இப்பாதையின் குறை. அதுவே அதன் செல்வமும் ஆகும் என அவர் கண்டார். பாதையோர நிலத்தை நிறுவனமே முன்னதாக வாங்கிக் கொண்டது. 1908-இல், இப்பாதை ஏன் செழிக்கும் என்பதை வினாவிடையாக விளக்கும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டில், எத்தகைய நிலத்தில் எத்தகைய வீட்டில் வாழ்வது நல்லது என நகர மக்களை நோக்கி மற்றொரு நூல் வந்தது. எழுத்தாளராக விரும்பிய இளமை வீண்போகவில்லை!

1910-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் வண்டி ஓடத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே இக்கேடா நிலையத்தருகே ஏறத்தாழ இருநூறு மனைகள் கொண்ட குடியிருப்பு விற்பனைக்கு வந்தது. மாதச் சம்பளக்காரரிடம் மொத்தப் பணம் ஏது? ஆகவே விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதலில் செலுத்தி, எஞ்சியதைப் பத்தாண்டுத் தவணையில் கட்டலாம் என்று வகுத்தார். வீடு வாங்கியவர் நாள்தோறும் பயணியும் ஆனார். நிலத்தின் ஏற்றமும் கட்டணமும் ஒரே பெட்டிக்கு வந்தன.

இத்துடன் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. காலையில் நகரை நோக்கி நிறைந்து செல்லும் வண்டி, திரும்புகையில் வெறுமையாக வரும். நண்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இருக்கைகள் காலியாகவே கிடக்கும். ஆனால் பாதைக்கும் பணியாளர்க்கும் ஆகும் செலவு குறைவதில்லை. இந்த வெற்று வேளைகளை நிரப்புவதே உண்மையான கலை. விடுமுறைக் கூட்டத்திற்காக 1910-இல் மினோவில் விலங்குக்காட்சிசாலை திறந்தார். அது நிலைக்காமல் 1916-இல் மூடப்பட்டது. 1911-இல் தக்காராஸூக்காவில் புதிய வெந்நீர்க் குளியலகம் அமைத்தார். அதனைச் சார்ந்து கட்டிய நீச்சல் குளமோ, நீரின் குளிர்ச்சி முதலிய காரணங்களால் தோல்வியுற்றது. குளத்தின் மேல் பலகை பாவி அரங்காக்கினார். 1914-இல் அங்கே பாடி ஆடத் தொடங்கிய இளமகளிர் குழுவே இன்று உலகறிந்த தக்காராஸூக்கா நாடகக் குழு. தோல்வியிலிருந்தே வெற்றி முளைத்தது.

நண்பகல் வேளைக்கு விடையாக, 1929-இல் உமேடா முனையத்திலேயே பெரிய பல்பொருள் அங்காடி எழுந்தது. இல்லத்தரசியர் வண்டியேறி நகருக்கு வந்தனர். எதிர்த்திசை வண்டிகளுக்கு மாணவர் கிடைத்தனர். குவான்ஸெய் ககுயின் என்னும் கல்வி நிறுவனம் அதே 1929-இல் கோபே நகரிலிருந்து புறநகர்ப் பகுதிக்கு மாறியபோது, அதன் பழைய இடத்தைத் தாம் வாங்கிக்கொண்டு அம்மாற்றத்திற்கு வழி செய்தவர் கொபயாஷியே. ஆக, அவர் பயணிகளுக்காகக் காத்திருக்கவில்லை. அவர்கள் வண்டியேறுவதற்கான காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படைத்தார்.

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். 2003-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் வடகிழக்குப் பெருவிரைவு இரயில் பாதை திறக்கப்பட்டது. பதினாறு நிலையங்களுள் புவாங்கோக், உட்லீ ஆகிய இரண்டு மட்டும், சுற்றிலும் போதிய குடியிருப்பு இல்லை என்னும் காரணத்தால் மூடியே வைக்கப்பட்டன. கட்டி முடித்த நிலையம் கண்ணெதிரே இருக்க, வண்டி நில்லாது செல்வதைப் புவாங்கோக் வட்டாரத்தார் மனக்குறையோடு கண்டனர். 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அப்பகுதிக்கு வருகை புரிந்தபோது, நிலையத்தருகே எட்டு வெள்ளை யானை உருவட்டைகள் நின்றிருந்தன. தமிழர்க்கு வெள்ளை யானை என்றால் இந்திரனின் ஐராவதம் நினைவுக்கு வரும், அது பெருமைக்குரியது. சயாம் நாட்டு வழக்கை ஒட்டி ஆங்கிலேயர் வழங்கும் பொருளோ வேறு: பராமரிக்கும் செலவு பெரிது, பயன் ஒன்றுமில்லை. யானைகளின் செய்தி நாடெங்கும் பரவிற்று. 2006 ஜனவரி 15-இல் புவாங்கோக் நிலையம் திறக்கப்பட்டது. உட்லீ 2011 ஜூன் 20 வரை காத்திருந்தது.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. ஆளில்லா நிலையத்திற்கு விளக்கெரிக்கும் செலவு பயணிகள் அனைவர் தலையிலும் விழும் என்பது ஒரு கணக்கு. பூட்டிய நிலையத்தை நம்பி வீடு வாங்கியவர் நாள்தோறும் இழக்கும் நேரம் எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை என்பது மற்றொரு கணக்கு. முன்னது எண்ணத் தக்கது; பின்னது எண்ணப்படாதது. எண்ண முடிந்ததை மட்டும் எண்ணி முடிவு செய்யும்போதுதான் தவறு நேர்கிறது.

எனவே ஊர் முந்தியதா, நிலையம் முந்தியதா என்று வினவுவதைவிட, இரண்டையும் ஒருங்கே வளர்க்கும் பொறுப்பு யாருடையது என்று வினவுவதே பொருத்தம். கோல்டர்ஸ் கிரீனில் அப்பொறுப்பு எவர் கையிலும் முழுமையாக இல்லை. ஒசாக்காவில் ஒருவர் அதனை ஏற்றுக்கொண்டார். நம் நாட்டில் நிலத்தையும் வீட்டையும் பாதையையும் திட்டமிடுவன அரசு அமைப்புகளே. ஆதலின் ஒருங்கே வளர்க்கும் வாய்ப்பு கொபயாஷிக்கு இருந்ததைவிட நமக்குப் பெரிது. வகுப்பில் ஊரின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், தம் பள்ளிக்கு அருகிலுள்ள நிலையம் எந்த ஆண்டில் திறந்தது, அன்று அதனைச் சுற்றி என்ன இருந்தது என மாணவரைக் கேட்டறியச் செய்யலாம். ஊர் வளர்ந்த வரலாற்றை அவர்கள் அங்கிருந்தே கற்கத் தொடங்குவர்.