மூக்குத்தியில் விழுந்த ஃபோகஸ்

போன மாதம் அம்மாவை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து ஒரு ரோல் எடுத்தேன். பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2. ஃபிலிமைக் கழுவி வாங்கிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் மூக்குத்தி பளிச்சென்று இருக்கிறது, கண் மட்டும் மங்கல். என் கண்ணாடி பவர் மாறிடுச்சோன்னுதான் முதலில் நினைத்தேன்.

ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் பண்ணும்போது நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள். அவற்றில் தெரியும் இரண்டு உருவமும் ஒன்றாகச் சேரும்வரை லென்ஸைத் திருகுகிறோம். உள்ளே ஒரு கை லென்ஸின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டு, அது எவ்வளவு நகர்ந்தது என்று சொல்கிறது. படம் ஃபிலிமில் எப்படி விழுந்தது என்று அந்தக் கைக்குத் தெரியாது.

எனவே ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்க்ரூவைத் திருகி ஒரு மீட்டரைச் சரி பண்ணினேன். தூரத்து செல்போன் டவர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. டவரைச் சேர்த்தால் அம்மா மங்கல். இரண்டு நாள் இதே ஓட்டம். அதன் பிறகுதான் இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஜெர்மனியில் வெட்ஸ்லார் ஊரின் லைட்ஸ் கம்பெனி 1925-ல் லைக்காவை விற்க ஆரம்பித்தபோது அதில் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. தூரம் காட்டும் கருவி தனி. அதை மேலே செருகி, அது காட்டும் எண்ணைப் பார்த்து லென்ஸில் வைக்கணும். 1930-ல் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதி வந்தது. ஆனால் ஒவ்வொரு லென்ஸையும் ஒரு குறிப்பிட்ட கேமராவுக்கென்றே பொருத்திக் கொடுத்தார்கள். அந்தக் கேமரா எண்ணின் கடைசி இலக்கங்கள் லென்ஸில் பொறிக்கப்பட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் லென்ஸை வாங்கி மாட்டினால் ஃபோகஸ் நிற்காது.

1931-ல் லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரையிலான தூரத்தை எல்லாக் கேமராவுக்கும் ஒன்றாக்கினார்கள்: 28.8 மி.மீ. அடையாளத்துக்கு வளையத்தில் ஒரு '0' போட்டார்கள். 1932-ல் வந்த லைக்கா II-ல்தான் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது.

இந்த வரிசைதான் எனக்கு விடை. முதலில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம், அப்புறம்தான் ரேஞ்ச்ஃபைண்டர். முதல் அடி தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. உக்ரைனின் கார்கிவ் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்காக நடந்த கம்யூனில் 1934 முதல் லைக்கா மாதிரியில் ஃபெட் கேமராக்கள் தயாராயின. போருக்கு முந்தைய ஃபெட்களில் இந்தத் தூரம் ஒரே அளவாக இல்லை. ஒன்றின் லென்ஸை இன்னொன்றில் மாட்டினால் தகராறுதான்.

நான் தலைகீழாகப் போயிருந்தேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். பின்மூடியைக் கழற்றி, ஃபிலிம் படியும் உள் தண்டவாளத்தில் ஒரு சொரசொரப்புக் கண்ணாடித் துண்டை, சொரசொரப்புப் பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி வைத்தேன். ஷட்டரை 'பி'-யில் திறந்து, எஃப்/2-ல் வைத்து, பூதக்கண்ணாடியால் டவரைப் பார்த்தேன். லென்ஸ் முடிவிலியில் நிற்கிறது, டவர் மங்கல். இத்தனை நாள் தூரக் காட்சிகளை எஃப்/8-ல் எடுத்ததால் இந்தக் குறை வெளியே தெரியவே இல்லை.

லென்ஸைப் பிரித்தால் கண்ணாடித் தொகுதிக்கும் திருகு உருளைக்கும் நடுவில் இரண்டு மெல்லிய பித்தளை வளையங்கள். முன்னாடி யாரோ பிரித்து மாட்டினவர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருக்கணும். 50 மி.மீ. லென்ஸ் ஃபிலிமிலிருந்து 0.1 மி.மீ. கூடுதலாகத் தள்ளி நின்றாலே, ஒரு மீட்டரில் ஃபோகஸ் சுமார் 3 செ.மீ. முன்னால் விழும். கண்ணிலிருந்து மூக்குத்திக்கு ஏறக்குறைய அவ்வளவுதான்!

மெல்லிய வளையத்தை எடுத்ததும் கண்ணாடியில் டவர் தெளிந்தது. பிறகுதான் ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்க்ரூவைத் தொட்டேன். டவரில் சேர்த்துவிட்டு ஒரு மீட்டரில் பார்த்தால் அதுவும் தானாகச் சரியாக இருந்தது.

உங்களிடமும் இப்படி ஒரு கேமரா இருந்தால், மேலே இருக்கும் ஸ்க்ரூவைத் தொடும் முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள். எனக்கு இரண்டு நாள் வீண். அடுத்த ரோலில் அம்மா கண் தெளிவாக விழுந்திருக்கிறது. மூக்குத்திதான் கொஞ்சம் மங்கல். அது பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள்.