விதானம் ஏன் தொங்குகிறது?

தை மாதத்தில் பௌர்ணமியை ஒட்டி மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்தில் மூன்று நாட்கள் தெப்பத் திருவிழா நடைபெறும். பீப்பாய்களின்மேல் மரச்சட்டங்களைப் பரப்பி, அதன்மேல் ஒரு மண்டபத்தைக் கட்டி, துணியாலும் மலர்களாலும் விளக்குகளாலும் அலங்கரித்துக் குளத்தில் மிதக்கவிடுவார்கள். விஞ்ஞானக் கண்ணோடு பார்த்தால் அது அறை வைத்த ஒரு படகுதான்! இத்தகைய மண்டபங்களின் உட்கூரையில் கட்டும் துணிக்கு விதானம் என்றும் மேற்கட்டி என்றும் பெயர். தமிழருக்கு இது மிகப் பழைய பழக்கம். சிலப்பதிகாரத்தில் கோவலன்-கண்ணகி திருமணம் நடந்த பந்தலில் நீல விதானம் கட்டியிருந்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார்.

விதானத் துணியை எவ்வளவுதான் இழுத்துக் கட்டினாலும் நடுப்பகுதி சற்றே கீழே தொய்ந்திருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கட்டியவரின் கவனக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். எத்தனை பலசாலி இழுத்தாலும் அந்தத் தொய்வை முழுவதும் நீக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

இரு முனைகளில் கட்டிய கயிறோ சங்கிலியோ எந்த வடிவில் தொங்கும்? அது ஏறக்குறைய ஒரு பரவளையம் என்று கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அது பரவளையம் அன்று என்பதை 1646-இல், 17 வயதே ஆன ஹைகன்ஸ் நிறுவிவிட்டார். உண்மையான வடிவத்தைக் காணும்படி 1690-இல் ஜேக்கப் பெர்னூலி அறைகூவல் விடுக்க, அடுத்த ஆண்டே லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், ஜோஹன் பெர்னூலி ஆகிய மூவரும் தனித்தனியே விடை கண்டனர். சங்கிலியம் என்று நம் கணிதப் புத்தகங்கள் கூறும் வளைவு அதுவே. தொய்வு சிறிதாக இருக்கும்போது கலிலியோவின் பரவளையமே போதும். நம் கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

துணியின் எடையை அகலத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் கணக்கிட்டு, அதை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் தேவையான இழுவிசை கிடைக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியை 2 மீட்டர் இடைவெளியில் கட்டுவதாகக் கொள்வோம். தொய்வு 1 செ.மீ. ஆக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் ஏறக்குறைய 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் இழுக்க வேண்டும். தொய்வு 1 மில்லிமீட்டர் ஆக வேண்டுமா? 100 கிலோகிராம்! தொய்வே கூடாது என்றால் இழுவிசை முடிவிலி ஆகிவிடும். துணியோ கம்பமோ அதற்கு முன்பே கிழிந்தோ முறிந்தோ போயிருக்கும்.

இதே கணக்கில் ஒரு தப்பும் வழியும் இருக்கிறது. தொய்வு இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு கால்பங்காகும். ஐந்தில் ஒன்றாக்கினால் இருபத்தைந்தில் ஒரு பங்காகும். ஆகவே பலத்தை நம்புவதைவிட முடிச்சுகளை நம்புவதே புத்திசாலித்தனம். பந்தல் கட்டுவோர் நடுநடுவே துணியை மேலுள்ள மூங்கிலோடு சேர்த்துக் கட்டிவிடுவது இதனால்தான். ஹைகன்ஸின் பெயரைக் கேட்டிராதவர்களும் அவருடைய கணக்கின் பயனைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

இந்த உத்தி சென்னையின் அண்ணா சாலையில் வேறொரு தொழிலிலும் பயன்பட்டது. 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்றது. மூடுவண்டியின் உட்கூரைக்குத் துணி தைக்கும் வண்டித் தொழிலாளர்கள், குறுக்கே வளைந்த மரச்சட்டங்களில் சிறு ஆணிகளால் அத்துணியைப் பொருத்துவது வழக்கம். உலகெங்கும் குதிரை வண்டி கட்டியவர்களே பின்னர் மோட்டார் காருக்கும் உடல் கட்டினார்கள். துணி வேலையும் அவர்களோடு காருக்குள் வந்தது. மரச்சட்டத்துக்குப் பதிலாக வளைந்த எஃகுக் கம்பிகள் வந்தன. அம்பாசடர் போன்ற பழைய அமைப்புடைய கார்களில் கூரைத் துணியின் முதுகில் நீண்ட உறைகளைத் தைத்து, கம்பிகளை அவற்றில் செருகியிருப்பார்கள். 2 மீட்டர் கூரைக்கு நான்கு கம்பிகள் இருந்தால் ஐந்து சிறு இடைவெளிகள். 5 செ.மீ. தொய்ந்திருக்க வேண்டிய துணி 2 மில்லிமீட்டரே தொய்கிறது. தையல் விட்டால் மீண்டும் தைக்கலாம். கம்பி துருவேறினால் மாற்றலாம். பழுது எங்கே என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

பின்னர் பசை வந்தது. 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் பாலியூரிதேன் என்ற பொருளை உண்டாக்கினார்கள். (அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரும் பேயர்தான், ஆனால் நிறுவியவரின் குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை.) அதிலிருந்து மென்மையான நுரைப்பஞ்சு செய்வது 1950-களில் தொழிலாக வளர்ந்தது. மெல்லிய நுரைப்பஞ்சைத் துணியின் பின்புறம் சேர்த்து, அதை அச்சில் வார்த்த பலகையிலோ கூரையிலோ ஒட்டிவிட்டால் கம்பி வேண்டாம், தையல் வேண்டாம், தொய்வும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு! இடைவெளி பூஜ்யமாகிவிட்டது. கார்களும், கண்ணாடி இழைப் படகுகளின் அறைகளும் இம்முறைக்கு மாறின.

படகு அறைக்குள் துணி எதற்கு என்று கேட்பீர்கள். அழகுக்கு மட்டும் அன்று. வெறும் கண்ணாடி இழைக் கூரை பகலில் தகிக்கும்; இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிரும். காற்று 28 டிகிரி வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால், கூரை 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே உட்புறம் நீர்த்துளிகள் படியத் தொடங்கும். நான்கே டிகிரி! சென்னைக் கடற்கரையில் இது அன்றாட நிகழ்ச்சி. கீழே படுத்திருப்பவரின் முகத்தில் அத்துளிகள் விழாமல் தடுப்பதும், இயந்திரத்தின் இரைச்சலை ஓரளவு குறைப்பதும் இந்த மெத்துத் துணியின் வேலை.

அந்த நீரே துணிக்கு எமனும் ஆகிறது. பாலியெஸ்டர் வகை நுரைப்பஞ்சின் நீண்ட மூலக்கூறுகளில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீர் மூலக்கூறுகள் அப்பிணைப்புகளை வெட்டுகின்றன. இதுவே நீராற்பகுப்பு. வெட்டு விழுந்த இடத்தில் ஒரு அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டுக்கு வினையூக்கியாக வேலை செய்கிறது. எனவே சில ஆண்டுகள் எந்த மாற்றமும் தெரிவதில்லை. பிறகு சிதைவு வேகமெடுக்கிறது. பிளாஸ்டிக் பொருள்களைப் பாதுகாக்கும் அருங்காட்சியகங்கள் எல்லாம் இந்தத் தொல்லையை அனுபவித்தவையே. பாலியீதர் வகை நுரைப்பஞ்சு ஈரத்தை நன்கு தாங்கும். ஆனால் வெளிச்சமும் ஆக்ஸிஜனும் அதற்கு ஆகா.

ஆகவே ஒட்டிய துணி கீழே தொங்கினால் பசையைப் பழிக்காதீர்கள். துணியின் எடை சதுர மீட்டருக்கு 2 நியூட்டன்தான். மிகச் சாதாரணப் பசையும் அதைப்போல் பல நூறு மடங்கு தாங்கும். பசை கூரையில் அப்படியே இருக்கிறது, துணியும் நன்றாகவே இருக்கிறது. நடுவில் இருந்த நுரைப்பஞ்சு மாவாகிவிட்டது. துணியைச் சற்றே விலக்கி விரலால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ தூள் ஒட்டினால் ஐயமே வேண்டாம்.

பலர் செய்வது என்ன? துணியின் பின்னே பசையைப் பீய்ச்சி மீண்டும் அழுத்திவிடுகிறார்கள். மாவின்மேல் ஒட்டிய துணி எத்தனை நாள் நிற்கும்? வெயில் பட்டவுடன் மறுபடி தொங்கும், செலவு இரட்டிப்பாகும். படகில் இது செலவோடு நிற்பதில்லை. ஓட்டிச் செல்பவரின் கண்ணெதிரே துணி சரிந்து விழுந்தால் முகத்துவாரத்தில் அலையைப் பார்ப்பது எப்படி? இதற்கு மாறாக, திருகு ஊசிகளைத் துணியில் ஆங்காங்கே ஏற்றி நிறுத்துவோரும் உண்டு. அழகில்லை என்று சிலர் சிரிப்பார்கள். என் கருத்தில் அது பசை பீய்ச்சுவதைவிட நேர்மையான வேலை. பந்தல்காரரின் முடிச்சு அல்லவா திரும்பி வந்திருக்கிறது!

முறையான பழுதுபார்ப்பு வேறு. புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பகுதிகளில் கார்களுக்கு இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். படகு அறைக்கும் முறை அதுவே. துணியை முழுவதும் உரித்து, பழைய நுரைப்பஞ்சு ஒரு துகள்கூட இல்லாதபடி முரட்டுத் தூரிகையால் தேய்த்துத் துடைத்து, கூரை நன்றாக உலர்ந்த பின்னரே ஒட்டத் தொடங்க வேண்டும். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும்; வெப்பம் தாங்கும் செயற்கை ரப்பர்ப் பசையே ஏற்றது. அதைத் துணியிலும் கூரையிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். மூடிய சிறு அறையில் சுவாசித்தால் மயக்கம் வரும். கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். அடுப்போ பீடியோ அருகில் கூடாது.

கூரையில் பள்ளமான வளைவுகள் இருந்தால் ஒரு செய்தியை நினைவில் கொள்ளுங்கள். சுருக்கம் விழாதிருக்கத் துணியை இழுத்துப் பிடித்து ஒட்டவே கை விரும்பும். வளைந்த பரப்பின்மேல் இழுத்த துணி செலுத்தும் அழுத்தம், இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுப்பதற்குச் சமம். சோப்புக் குமிழியின் உள்ளழுத்தத்துக்கு யங்கும் லாப்லாசும் கண்ட விதியின் உடன்பிறப்பு இது. மீட்டருக்கு 10 நியூட்டன் என்ற மெல்லிய இழுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் ஆரம் 5 செ.மீ. என்றால், துணி அங்கே சதுர மீட்டருக்கு 200 நியூட்டன் விசையோடு கூரையை விட்டு விலகப் பார்க்கும். அதன் சொந்த எடையைப்போல் 100 மடங்கு! எனவே பள்ளத்தின் அடியிலிருந்து ஒட்டத் தொடங்கி, துணியை இழுக்காமல் உள்ளங்கையால் இரு பக்கமும் தடவிக்கொண்டே வெளியே வரவேண்டும். ஓரங்களில் மிஞ்சும் துணியைக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம்.