தலைவிதியும் சாலைவிதியும்

புதிய வண்டி வாங்குகிறார்கள். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டு நகர்கிறது வண்டி. ஆயுத பூசை வருகிறது. நடுச்சாலையிலே சிதறுகிறது பூசணிக்காய். திருஷ்டி கழிந்ததாம்! அந்தப் பூசணித் துண்டிலே சறுக்கி விழுகிறான், பின்னே வந்த இளைஞன். கூட்டம் கூடுகிறது. "அவன் விதி, என்ன செய்வது?" என்கிறார் ஒரு பெரியவர். தலையசைத்துவிட்டுக் கலைகிறது கூட்டம். பூசணி மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, அடுத்தவனுக்காக!

விதி என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒன்று, தலையிலே எழுதப்பட்டதென்று சொல்லப்படுவது. அதைப் படித்தவர் எவருமில்லை, திருத்தவும் முடியாதாம். மற்றொன்று, மக்கள் மன்றத்திலே கூடி எழுதுவது. அதை எவரும் படிக்கலாம், தவறென்றால் திருத்தலாம். முதல் விதியை மறுத்து, இரண்டாம் விதியைத் தம் கையாலே எழுதிக்கொண்ட மக்களின் வரலாறு ஒன்றுண்டு. தெருவிலே நடந்த வரலாறு அது. குழந்தைகளும் பங்கு கொண்ட வரலாறு. அதனை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நெதர்லாந்து, கடலைத் தடுத்து நிலம் கண்ட நாடு, கால்வாய்களின் நாடு, மிதிவண்டியின் நாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே செல்வம் சேர்ந்தது. செல்வத்தோடு மோட்டார் காரும் சேர்ந்தது. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மனிதனும் குதிரையும் நடக்கப் போட்ட தெருக்களிலே கார்கள் நெரிந்தன. கார் செல்ல வழியில்லை! என்ன செய்யலாம்? காரைக் கட்டுப்படுத்தலாம் என்று எண்ணினார்களா? இல்லை! நகரத்தையே இடிக்கலாம் என்றனர் அறிஞர்கள்.

1954-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரக் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர், கால்வாய்களைத் தூர்த்துச் சாலை ஆக்கலாம் என்று திட்டம் தந்தார். 1967-இல் யோக்கினென் என்ற அமெரிக்கப் பொறியாளர், உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த பகுதிகளை இடித்து, நகரின் நெஞ்சுவரை நெடுஞ்சாலை போடலாம் என்றார். யூட்ரெக்ட் நகரிலோ, சொன்னதோடு நிற்கவில்லை. பழைய நகரைச் சூழ்ந்திருந்த அகழியின் ஒரு பகுதியைத் தூர்த்து, அங்கே அகன்ற சாலை அமைத்தே விட்டார்கள்.

இதற்குப் பெயர் முன்னேற்றம்! எவருக்கு முன்னேற்றம் என்று கேட்டால், பழமைவாதி என்றனர். இரைச்சல் பொறுக்கவில்லை என்றால், நகரமென்றால் அப்படித்தான் என்றனர். குழந்தை அடிபட்டு இறந்ததே என்றால், வருந்தத்தக்க விபத்து என்றனர்.

விபத்து! எத்துணை வசதியான சொல்! மழைபோல், மின்னல்போல், எங்கிருந்தோ வந்து விழுந்ததாம், எவருக்கும் பொறுப்பில்லையாம். ஐரோப்பாவின் 'விபத்து', நம் ஊர்த் தலைவிதியின் உடன்பிறப்பன்றோ?

1971-ஆம் ஆண்டில் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளிலே மாண்டோர் மூவாயிரத்துக்கும் மேல். அவர்களிலே குழந்தைகள் மட்டும் நானூறுக்கும் மேல். ஒரு பள்ளியின் அத்தனை வகுப்புகளும் ஒரே ஆண்டிலே வெறுமையாவதை எண்ணிப் பாருங்கள்! அவர்களிலே ஒருத்தி, லாங்கென்ஹோஃப் என்ற செய்தியாளரின் ஆறு வயது மகள். பள்ளிக்குச் செல்லும் வழியிலே கார் மோதி மடிந்தாள். தந்தை அழுதார். அழுத கண்களைத் துடைத்துக்கொண்டு எழுதுகோலை எடுத்தார். 1972-இல் தாம் பணியாற்றிய ஏட்டிலே ஒரு கட்டுரை தீட்டினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அதன் தலைப்பு.

விபத்து என்று எழுதவில்லை. கொலை என்று எழுதினார். அந்த ஒரு சொல் மாற்றத்திலே பிறந்தது ஓர் இயக்கம். விபத்தென்றால் ஆறுதல் சொல்லிவிட்டு அகலலாம். கொலையென்றால், செய்தது யார், தடுக்கத் தவறியது யார் என்று கேட்டாக வேண்டுமன்றோ?

கட்டுரையின் தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று. மார்ட்யே வான் புட்டென் என்ற இளம்பெண் அதன் முதல் தலைவர். உயிர்கள் பலியான இடங்களிலே மக்கள் கூடி மறியல் செய்தனர். தெருக்களை ஒருநாள் அடைத்து, குழந்தைகளை விளையாட விட்டனர். பிரதமர் டென் அய்ல் இல்லத்துக்கே மிதிவண்டிகளிலே பாட்டுப் பாடிச் சென்றனர். வெளியே வந்து கேட்டார் அவர்.

அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் பைப் பகுதியிலே பள்ளிப் பிள்ளைகள் கிளம்பினர். நெருக்கமான வீடுகள், குறுகலான தெருக்கள், இருபுறமும் நிறுத்திய கார்கள். விளையாட இடமில்லை. பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று கையெழுத்துத் திரட்டினர். தெருவின் குறுக்கே தடுப்பு வைத்தனர். கார்காரர் ஒருவர் சினந்து தடுப்பைப் பிடுங்க வந்தார். பெற்றோர் எதிர்த்து நின்றனர். 1972-இல் தொலைக்காட்சியிலே இந்தக் காட்சியை நாடே கண்டது.

நகரமன்றங்கள் உடனே மனம் மாறினவா? மாறவில்லை. கார் வராவிட்டால் வாணிகம் படுத்துவிடும் என்று அஞ்சினர் கடைக்காரர்கள். ஆயினும் கேள்வி ஓயவில்லை. நியூமார்க்ட் பகுதியை ஊடறுக்க இருந்த நெடுஞ்சாலைத் திட்டத்தை 1972-இல் ஆம்ஸ்டர்டாம் நகரமன்றம் கைவிட்டது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளிலே கார் ஓட்ட அரசே தடை விதித்தது. நெடுஞ்சாலையிலே குழந்தைகள் சக்கரக் காலணியோடு ஓடினர். இரைச்சலற்ற நகரம் எப்படியிருக்கும் என்று மக்கள் தம் காதாலேயே கேட்டனர்!

டெல்ஃப்ட் நகரிலே வேறொரு சோதனை. தெருவின் நேர்க்கோட்டை வளைத்தனர். மரம் நட்டனர்; இருக்கை போட்டனர்; நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் இடையிலிருந்த மேடு பள்ளத்தை நீக்கினர். அங்கே நுழையும் கார், நடப்பவன் வேகத்திலேதான் ஊர்ந்தாக வேண்டும். 'வூன்எர்ஃப்' என்று அதற்குப் பெயர். வாழும் முற்றம் என்று நாம் சொல்லலாம். 1976-இல் அது சட்டத்திலே இடம் பெற்றது. இரைச்சலைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் 1979-இல் வந்தது.

இதிலே மந்திரமில்லை; அறிவியல் உண்டு. வண்டியின் வேகம் இருமடங்கானால், மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளியிலே படிக்கும் பாடந்தான் இது. வேகத்தைப் பாதியாக்கு, அடி கால்பங்காகும். ஓட்டுபவருக்கு நிறுத்த நேரம் கிடைக்கும், நடப்பவருக்கு ஒதுங்க நேரம் கிடைக்கும், இரைச்சலும் தணியும். 1990களிலே இதனைக் கொள்கையாகவே வகுத்தனர். மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்காதபடி சாலையை அமைக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

விளைவு என்ன? கார்கள் பன்மடங்கு பெருகிய பின்னும், 2023-ஆம் ஆண்டில் நெதர்லாந்துச் சாலைகளிலே இறந்தோர் 684 பேர். அதுவும் அதிகமே, அவர்களிலே மிதிவண்டியில் சென்றோரே மிகுதி, பணி முடிந்துவிட்டதென்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் மூவாயிரம் எங்கே, 684 எங்கே! பிரமன் கை மாறிற்றா? தலையெழுத்து மாறிற்றா? தெரு மாறிற்று! யூட்ரெக்ட் நகரிலே தூர்த்த அகழியை மீண்டும் தோண்டினர். 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது முழுவதுமாய் நீர் கொண்டது. தவறென்று கண்டால் திருத்தலாம் என்பதற்கு அந்த நீரே சான்று.

இரைச்சல் ஒரு புகார், விபத்து ஒரு புகார், நகரத்திட்டம் ஒரு புகார் என்று மன்றங்களிலே மூன்று கோப்புகள் வைக்கிறார்கள். மூன்றும் ஒரே கேள்வி என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. தெரு எவருக்காக? விரைந்து கடப்பவருக்கா, அங்கே வாழ்பவருக்கா?

தோழர்களே! 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளிலே மாண்டவர் 1,68,491 பேர். இத்தனை தலைகளிலும் ஒரே எழுத்தைத்தான் எழுதினானா பிரமன்? நாம் பாடம் நடத்தும் வகுப்பறை சாலையோரத்திலே உள்ளது. ஹாரன் ஒலிக்கும்போதெல்லாம் பாதி வாக்கியத்திலே நிறுத்துகிறோம். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலே கண்ட ஏற்பாடு. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாதென்பதும் அங்கேயே உள்ளது. எழுதப்பட்ட விதி இருக்கிறது. எழுந்து கேட்கும் வாய்தான் இல்லை.

மே முதல் நாளிலும், ஆகஸ்ட் 15-இலும், அக்டோபர் 2-இலும், ஜனவரி 26-இலும் கிராமசபை கூடுகிறது. கைகட்டி அமர்ந்து, கையெழுத்திட்டு, கலைந்து வருவதற்காகவா அது? நம் ஊர்ச் சாலையிலே எந்த வளைவில் எத்தனை பேர் விழுந்தனர் என்று எண்ணுவோம், எழுதிக்கொண்டு செல்வோம். நடைபாதை எங்கே, வேகத்தடை எங்கே, விளக்கு எங்கே என்று கேட்போம். தீர்மானமாக எழுதச் சொல்வோம். எழுதியது நடந்ததா என்று அடுத்த கூட்டத்திலே மறுபடியும் கேட்போம்.

ஆறு வயது மகளை இழந்த தந்தை ஒருவர், விதி என்று அமர்ந்திருந்தால் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அமரவில்லை. அதனாலே, அவர் பெயரையும் அறியாத எத்தனையோ குழந்தைகள் இன்று பள்ளி முடிந்து வீடு திரும்புகின்றனர். முதலிலே, நடுச்சாலைப் பூசணியை அகற்றுவோம். பிறகு, மன்றத்துக்குச் செல்வோம்.