லயன் சிட்டி கோப்பை: உலக இளையோர் கால்பந்துக்கு வித்திட்ட சிங்கப்பூர்

லயன் சிட்டி கோப்பை என்பது சிங்கப்பூர்க் கால்பந்துச் சங்கம் 1977ஆம் ஆண்டில் தொடங்கிய பன்னாட்டு இளையோர் கால்பந்துப் போட்டி ஆகும். 16 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கென நடத்தப்பட்ட முதல் பன்னாட்டுத் தொடராக இது கருதப்படுகிறது. இன்று ஃபிஃபா நடத்தும் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்கு இந்தப் போட்டியே முன்னோடி. ஆனால் அந்த உலகக் கோப்பையைப் பார்ப்பவர்களில் பலருக்கு இதன் பெயர்கூடத் தெரியாது. ஒரு சிறுநாடு நடத்திய சிறுவர் போட்டி எவ்வாறு உலகப் போட்டியாக வளர்ந்தது, அதனால் அந்த நாட்டுக்குக் கிடைத்தது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நாடும் விளையாட்டும்

சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடானது. நமது நாமக்கல் மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் அதன் மொத்த நிலப்பரப்பு. 1970களில் மக்கள் தொகை சுமார் 23 லட்சம். சீனர், மலாய்க்காரர், தமிழர் உள்ளிட்ட இந்தியர் எனப் பல இனத்தார் வாழும் அந்நாட்டில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கும் ஆட்சி மொழிகள். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டிருந்த மக்கள் ஒரே குரலில் கூச்சலிட்ட இடம் கால்பந்துத் திடல்.

அங்கே கால்பந்து புதிய விளையாட்டு அன்று. ஆங்கிலேயர் காலத்திலேயே, 1892இல், கால்பந்துச் சங்கம் தோன்றிவிட்டது. 1921இல் தொடங்கிய மலாயா கோப்பையில் (பின்னர் மலேசியா கோப்பை) சிங்கப்பூர் அணி பலமுறை வென்றுள்ளது. நாடு பிரிந்த பின்னும் அந்தப் போட்டியில் சிங்கப்பூர் தொடர்ந்து விளையாடியது. அரசியலில் பிரிந்த இரு நாடுகள் விளையாட்டில் ஒரே கோப்பைக்காக மோதியதால் ஒவ்வோர் ஆட்டமும் நாட்டின் மானப் பிரச்சினை போல ஆகிவிட்டது.

1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் அரங்கமே நெடுங்காலம் கால்பந்தின் இல்லமாக இருந்தது. 1973 ஜூலையில் காலாங் பகுதியில் 55,000 பேர் அமரக்கூடிய தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. இதற்கான செலவில் ஒரு பகுதி, 1968இல் அமைக்கப்பட்ட 'சிங்கப்பூர் பூல்ஸ்' நிறுவனத்தின் பரிசுச்சீட்டு வருமானத்திலிருந்து வந்தது. மக்கள் வாங்கிய சீட்டுப் பணத்தில் எழுந்த அரங்கம் என்பதால் அதனைத் தங்கள் சொத்தாகவே அவர்கள் கருதினர்.

காலாங் முழக்கமும் கணேசனும்

இக்காலத்தில் சிங்கப்பூர்க் கால்பந்தை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் நடேசன் கணேசன். வழக்கறிஞரான இவர் 1976இல் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார். மலேசியா கோப்பை ஆட்டங்களை ஜாலான் புசாரிலிருந்து பெரிய தேசிய அரங்கத்துக்கு மாற்றியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. இவ்வளவு பெரிய அரங்கத்தை நிரப்ப முடியுமா என்று பலர் ஐயுற்ற வேளையில், தம் வீட்டையே அடகு வைத்து அவர் பொறுப்பேற்றார் என்று சொல்லப்படுவதுண்டு.

கூட்டம் வந்தது. நுழைவுச்சீட்டுக்காக இரவு முழுவதும் வரிசையில் காத்திருந்தனர். அரங்கில் எழுந்த பேரொலிக்குக் 'காலாங் முழக்கம்' என்ற பெயர் நிலைத்தது. 1977 மே மாதம் கோலாலம்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் பினாங்கு அணியை 3-2 என்று வென்று, 12 ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூர் மலேசியா கோப்பையைக் கைப்பற்றியது. பயிற்றுநர் சூ செங் குவீ, வெற்றிக் கோலை அடித்த குவா கிம் சோங், வளைந்து செல்லும் உதைக்குப் பெயர்பெற்ற எஸ். ராஜகோபால் ஆகியோர் அக்காலத்து வீட்டுப் பெயர்களாயினர்.

கோப்பையின் தோற்றம்

இந்த உற்சாகம் பொங்கிய அதே 1977ஆம் ஆண்டில்தான் லயன் சிட்டி கோப்பை தொடங்கப்பட்டது. 'சிங்கபுரம்' என்னும் சொல்லே சிங்கப்பூரின் பெயருக்கு மூலம். 'சிங்க நகரம்' என்ற பொருளிலேயே கோப்பைக்கும் பெயர் வைத்தனர்.

இளையோர் கால்பந்து அதற்கு முன்பும் இருந்தது. ஆசிய இளையோர் போட்டி 1959இல், அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த மலாயாவின் கோலாலம்பூரில் தொடங்கியது. 1974இல் பாங்காக்கில் நடந்த அப்போட்டியில் இந்தியாவும் ஈரானும் கூட்டாகப் பட்டம் வென்றன. ஃபிஃபாவும் 1977இல் துனிசியாவில் முதல் உலக இளையோர் போட்டியை நடத்தியது. ஆனால் இவையெல்லாம் 20 வயதை ஒட்டியவர்களுக்கானவை. அந்த வயதில் ஒரு வீரர் ஏறக்குறைய முழுமையாக வளர்ந்துவிடுகிறார். அடிப்படைத் திறன் வேரூன்றுவது அதற்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னரே. 15, 16 வயதில் வெளிநாட்டு அணிகளோடு மோதிப் பழகினால்தான் மற்றவர் எவ்வளவு வேகமாக ஆடுகிறார்கள், தாம் எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்பது புரியும்.

வீரர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு பெரிய நாட்டுக்கு ஆயிரக்கணக்கான ஊர்கள் உண்டு. சிங்கப்பூருக்கு இருந்ததோ ஒரே ஊர். சிறுவர்களைப் பல நாடுகளுக்கு அனுப்பப் பணம் வேண்டும். பிற நாட்டுச் சிறுவர்களைத் தம் ஊருக்கே வரவழைத்துவிட்டால் பலரும் ஒரே நேரத்தில் பயன்பெறலாம். போட்டி நடத்துவதே சிறுநாட்டுக்கு ஒரு பயிற்சிமுறை ஆனது.

இக்காலத் தலைமுறையில் உருவான பெரும் பெயர் ஃபான்டி அகமது. 1962இல் பிறந்த இவர் 1979இல் 17 வயதிலேயே தேசிய அணிக்கு ஆடினார். 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் சங்கத்தில் சேர்ந்து, அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிரான யூஈஎஃப்ஏ கோப்பை ஆட்டத்தில் கோல் அடித்தார். அவருக்குப் பின் வந்த தமிழரான வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசெல் சங்கத்துக்கு ஆடினார். பிற்காலத்தில் சிங்கப்பூர்த் தேசிய அணியின் பயிற்றுநராகவும் இருந்தார்.

1982: ஒரு விருந்தினரின் வருகை

1982ஆம் ஆண்டு லயன் சிட்டி கோப்பையைக் காண ஃபிஃபாவின் அன்றைய பொதுச்செயலாளர் செப் பிளாட்டர் சிங்கப்பூர் வந்தார். 16 வயதுக்கு உட்பட்டோருக்கு உலக அளவில் ஒரு போட்டி வேண்டும் என்று அதன் பின்னர் அவர் பரிந்துரைத்தார். ஃபிஃபா அதனை ஏற்றுக்கொண்டது.

முதல் போட்டி 1985 ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 11 வரை சீனாவில் 16 அணிகளுடன் நடைபெற்றது. பெய்ஜிங்கில் நடந்த இறுதியாட்டத்தில் நைஜீரியா 2-0 என்று மேற்கு ஜெர்மனியை வென்றது. ஃபிஃபா போட்டியொன்றில் ஆப்பிரிக்க நாடு பட்டம் வென்றது அதுவே முதல்முறை. 1989இல் ஸ்காட்லாந்தில் நடந்த போட்டியில், சொந்த மண்ணில் ஆடிய ஸ்காட்லாந்தைப் பெனால்டி உதைகளில் வீழ்த்தி சவூதி அரேபியா கோப்பையை வென்றது. பெரியவர்களின் உலகக் கோப்பையை ஐரோப்பாவும் தென்னமெரிக்காவும் மட்டுமே பங்கிட்டுக்கொண்டிருக்க, சிறுவர் போட்டி பிற கண்டங்களுக்கும் வாசலைத் திறந்துவிட்டது.

போட்டியின் வளர்ச்சி

1991இல் வயது வரம்பு 17 ஆக உயர்ந்தது. 2007இல் அணிகள் 24 ஆயின. 'உலகக் கோப்பை' என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. ரொனால்டினோ, இனியெஸ்டா, நெய்மார் முதலியோர் இந்த மேடையில் ஆடியவர்களே. பெண்களுக்கான 17 வயதுப் போட்டி 2008இல் நியூசிலாந்தில் தொடங்கியது.

சிறுநாடுகளும் இதனை நடத்த முன்வந்தன. சுமார் 13 லட்சம் மக்களே கொண்ட டிரினிடாட் டொபேகோ 2001இல் ஆண்கள் போட்டியையும், 2010இல் பெண்கள் போட்டியையும் நடத்தியது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலித் தமிழர்களின் வழித்தோன்றல்களும் வாழும் தீவு அது. அதன் அரங்கங்களுக்கு ஓட்டவீரர் ஹேஸ்லி கிராஃபோர்டு, கால்பந்து வீரர் டுவைட் யார்க் என விளையாட்டு வீரர்களின் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன.

வளர்ச்சியோடு சிக்கலும் வந்தது. வயதைக் குறைத்துக் காட்டி வீரர்களைக் களமிறக்கும் முறைகேடு இளையோர் கால்பந்தின் தீராத நோய். இதற்காக 2009 போட்டியிலிருந்து மணிக்கட்டு எலும்பை எம்.ஆர்.ஐ. மூலம் சோதிக்கும் முறையை ஃபிஃபா கொண்டுவந்தது.

2017 அக்டோபரில் இப்போட்டி இந்தியாவுக்கு வந்தது. தில்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, குவாகாத்தி, கொல்கத்தா ஆகிய ஆறு இடங்களில் ஆட்டங்கள் நடந்தன. தமிழ்நாட்டில் ஆட்டம் எதுவும் இல்லை. 13,47,133 பேர் நேரில் கண்டனர். இப்போட்டியின் வரலாற்றில் அதுவரை வந்த கூட்டங்களில் அதுவே மிகப் பெரிது. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்த கோல், ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோலாக அமைந்தது. இறுதியில் இங்கிலாந்து 5-2 என்று ஸ்பெயினை வென்றது.

சிங்கப்பூருக்குக் கிடைத்தது என்ன?

உலகப் போட்டிக்கு வித்திட்ட சிங்கப்பூர் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்கு ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை. படிப்பின் நெருக்கடி, 18 வயதில் தொடங்கும் கட்டாயத் தேசிய சேவை, சிறிய மக்கள் தொகை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. 1994இல் மலேசியா கோப்பையை வென்ற பின் சிங்கப்பூர் அப்போட்டியிலிருந்து விலகி, 1996இல் சொந்த லீக்கைத் தொடங்கியது. காலாங் முழக்கம் மெல்ல அடங்கியது. 2010 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவது என்று 1998இல் அறிவிக்கப்பட்ட 'கோல் 2010' திட்டமும் நிறைவேறவில்லை.

எனினும் அதே 2010ஆம் ஆண்டு வேறொரு விதத்தில் நினைவில் நின்றது. முதலாவது கோடைக்கால இளையோர் ஒலிம்பிக் போட்டி ஆகஸ்ட் 14 முதல் 26 வரை சிங்கப்பூரில் நடந்தது. கால்பந்தில் கண்டத்துக்கு ஒன்றாக ஆறு ஆண்கள் அணிகளும் ஆறு பெண்கள் அணிகளும் பழைய ஜாலான் புசார் அரங்கில் ஆடின. ஆண்கள் பிரிவில் பொலிவியா தங்கம் வென்றது. மாண்டினீக்ரோவை 4-1 என்று தோற்கடித்து சிங்கப்பூர்ச் சிறுவர்கள் வெண்கலம் பெற்றனர். பெண்கள் பிரிவில் சிலி தங்கம் வென்றது.

இடையில் நின்றுபோயிருந்த லயன் சிட்டி கோப்பை 2011இல் மீண்டும் நடத்தப்பட்டது. இம்முறை ஜுவென்டஸ், நியூகாசில் யுனைடெட், எவர்ட்டன், பிரேசிலின் ஃபிளமெங்கோ ஆகிய சங்கங்களின் இளையோர் அணிகள் வந்து சிங்கப்பூர்ச் சிறுவர்களுடன் ஆடின.

முடிவுரை

போட்டியை நடத்துவது வேறு, வெல்வது வேறு. நடத்தும் திறமை ஓரிரு ஆண்டுகளில் கைகூடும். வெல்லும் அணியை உருவாக்கவோ பள்ளித் திடல், பயிற்றுநர், பெற்றோரின் ஒப்புதல், வேலைக்கான உறுதி எல்லாம் சேர்ந்து பல ஆண்டுகள் ஒத்துழைக்க வேண்டும். முன்னதில் சிங்கப்பூர் முன்னோடி. பின்னதில் இன்னும் போராடும் நாடு. ஆனாலும் 15 வயதுச் சிறுவனுக்கும் பன்னாட்டு மேடை வேண்டும் என்று முதலில் நினைத்தது அந்தச் சிறிய நாடுதான். பெய்ஜிங்கில் கோப்பையைத் தூக்கிய நைஜீரியச் சிறுவர்களும், தில்லியில் இந்தியாவின் முதல் கோலைக் கொண்டாடியவர்களும் அந்த எண்ணத்தின் பயனைத் துய்த்தவர்களே.