கணித்தவள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 'கம்ப்யூட்டர்' உயர்திணை. அமெரிக்க ராணுவத்துக்காக பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்ட பெண்களின் வேலைப்பெயர் அது. ஒரே பாதைக்கு 30, 40 மணிநேரம் ஆகும். அந்த வேலைக்கென்று கட்டப்பட்ட எனியாக் பெயரையும் எடுத்துக்கொண்டது, சொல் அஃறிணையாயிற்று. (களியக்காவிளையில் என் மாணவிகள் கணினிக்குத் திணை சொல்ல ஒரு நொடிகூட யோசிப்பதில்லை.)

1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்டியபோது, அது குண்டின் பாதையைக் கணக்கிட நிரல் அமைத்தவர்கள் ஜீன் ஜென்னிங்ஸும் பெட்டி ஸ்னைடரும். அன்றிரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை.

1958இல், முன்பு அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த வில்லியம் ஹிகின்பாதம், புரூக்ஹேவன் ஆய்வகத்துக்கு வரும் பார்வையாளர்களுக்காகச் சின்னத் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்தார். வரிசையில் நின்று ஆடினார்கள். பந்து வலையைத் தாண்டி வளைந்த கணக்கு, அந்தப் பெண்கள் காகிதத்தில் போட்ட அதே வகைக் கணக்கு.